சேறு படாத பாவாடை

மாரி தொடங்கினால் ஒட்டுசுட்டான் பக்கத்து ஒழுங்கைகளில் கணுக்காலுக்கு மேலே சேறு நிற்கும், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்த நாட்களும் உண்டு. அந்தச் சேற்றில் நடந்தவர்களுக்குத்தான் சுசன்னா மார்ட்டினின் வழக்கு சரியாக விளங்கும்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் ஏம்ஸ்பரி என்ற ஊர்க்காரி, புருசன் இல்லை, வயது 70 அளவில். 1692இல் அங்கேயுள்ள சேலம் என்ற ஊரில் நடந்த சூனிய வழக்குகளில் இவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். இவர் வந்து நின்றதுமே விழுந்து புரண்ட சிறுமிகளைப் பார்த்து மனுசி சிரித்திருக்கிறார், அதுவும் விசாரிக்கிறவர்களுக்கு முன்னால்! சாட்சிகளில் என்னால் மறக்க முடியாதவர் நியூபரியைச் சேர்ந்த சாரா அட்கின்சன். ஏறக்குறைய 18 வருசத்துக்கு முன், வழியெல்லாம் சேறாய்க் கிடந்த நேரம், சுசன்னா ஏம்ஸ்பரியிலிருந்து நடந்தே சாராவின் வீட்டுக்கு வந்தாராம். வந்தவர் காயட்டும் என்று சாரா பிள்ளைகளை நெருப்படியை விட்டு விலகச் சொன்னால், சுசன்னா நானும் உன்னைப்போலக் காய்ந்துதான் இருக்கிறேன் என்று பாவாடையை விலக்கிக் காட்டினாராம். சப்பாத்தின் அடிகூட நனையவில்லை. சேறு அப்பிய பாவாடையோடு வருவது தனக்குக் கேவலம் என்று ஒரு சொல் வேறு. சரி, அந்தச் சொல்தான் சுட்டிருக்க வேண்டும், 18 வருசம் வைத்திருந்து வழக்கில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார். 1692 ஜூலை 19இல் இன்னும் நான்கு பெண்களோடு சுசன்னாவைத் தூக்கிலிட்டார்கள். சட்டம் போட்டு அவர் பெயரிலிருந்த குற்றத்தை நீக்கியது 2001இல்.

எங்கள் ஒழுங்கை முடிவில் ஓர் ஆச்சி இருந்தார். தனி ஆள், வெள்ளைச் சீலை, எந்த மழைக்கும் அதன் கரையில் ஒரு பொட்டுச் சேறு இருக்காது. "அது நிலத்தில கால் வைச்சு நடக்கிறேல்லை" என்று கிணற்றடியில் கதைப்பார்கள். யாருடைய மாட்டுக்குப் பால் வற்றினாலும் பார்வை அவருடைய படலைக்குத்தான் போகும். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கண்டேன்: சீலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, செருப்பை உமலுக்குள் வைத்துவிட்டு, வாய்க்கால் கரையில் குந்தியிருந்து குதிக்காலைக் கல்லால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "என்ன மோனை, நனைஞ்சிட்டியே?" என்றார். நான் ஓடிவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் வாய்க்காலைப் பற்றி மூச்சு விடவில்லை. சூனியக்காரி என்னோடு கதைத்தாள் என்றுதான் சொன்னேன், இடைவேளை முழுக்க என்னைச் சுற்றி ஆட்கள்.