"வார்டுக்கு மாத்திருங்க மேடம்"

சித்திரைத் திருவிழா வாரத்துக்கு நர்ஸ்களின் டூட்டி ரோஸ்டர் போட்டவர்களுக்குத் தெரியும், அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் நமக்கு உயிர் போய்விடும். மேலூர், அலங்காநல்லூர் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் ஆஃப் கேட்டு நிற்பார்கள். அந்த நேரம் பார்த்து ஐசியூ நர்ஸ் ஒருத்தியும் வந்தாள். ஆஃப் கேட்கவில்லை.

"ஐசியூ வேணாம் மேடம். என்னை வார்டுக்கு மாத்திருங்க."

ஏன் என்றேன்.

"நேத்து நைட்டு ஏழாம் பெட் தாத்தா இறந்துட்டாரு. பாடியைக் கட்டி அனுப்பிட்டு, கை கழுவிட்டு இட்லி சாப்பிட்டேன். ஒண்ணுமே தோணல மேடம்."

"அனுபவம் வந்துருச்சும்மா. எனக்கும் அப்படித்தான் ஆச்சு" என்றேன்.

பொய்யில்லை. அழுதுகொண்டே ஐசியூவில் டூட்டி பார்க்க முடியுமா? அவளோ கிரிட்டிகல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற மேல்படிப்பு முடித்தவள். ரத்தத்தில் ஆக்ஸிஜன், கார்பன் டை ஆக்சைடு அளவைக் காட்டும் ஏபிஜி ரிப்போர்ட்டைப் பார்த்ததும், வென்டிலேட்டரில் எதை மாற்றலாம் என்று டாக்டருக்கு போன் போட்டுச் சொல்கிற பிள்ளை. அவளை வார்டுக்கு அனுப்பிவிட்டு நைட்டை யாரை வைத்து ஓட்டுவது? ஐசியூவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது நர்சிங் கவுன்சில் கணக்கு. லீவுக்கென்று 30 சதவீதம் கூடுதல் ஆளும் வேண்டும். எங்களிடம் நைட்டில் ஒருத்திக்கு மூன்று பெட். அந்த 30 சதவீதத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை.

இரண்டு நாள் ஆஃப் கொடுத்தேன். திருவிழா வாரத்தில் அதுவே பெரிய விஷயம்.

அப்புறம் மேனேஜ்மென்ட் 'பர்ன் அவுட்' வகுப்பு நடத்தியது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்குச் சொன்ன மூன்று அடையாளங்களைத் திரையில் போட்டார்கள்: அசதி, வேலையில் மனம் ஒட்டாமல் போவது, வேலைத்திறன் குறைவது. அவள் திறன் எங்கே குறைந்தது என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த இரண்டாவது வரி, இட்லியோடு சேர்ந்து வந்து நின்றது.

இது நோய் இல்லையாம். வேலையிடத்து அழுத்தத்தைச் சரியாகக் கையாளாததால் வருவதாம். வேலையிடம் என்றால் யார், நானா? ஆள் எடுக்கும் அதிகாரம் எனக்கில்லை. சரி, யாரை எங்கே போடுவது என்ற அதிகாரம் இருந்ததே.

ஆறு மாதம் வார்டில் போட்டிருந்தால் தேறியிருப்பாளா? வார்டிலும் சாவு உண்டு. அங்கே ஒருத்திக்குப் பன்னிரண்டு பெட்.

அதற்கப்புறம் அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வேலையில் ஒரு குறையில்லை, நோயாளிகளோடு வரும் அட்டெண்டர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். புதிதாகச் சேர்கிறவர்களிடம் நானே அவளைக் காட்டி, "அக்காவைப் பாத்துக் கத்துக்கங்க" என்கிறேன். இந்த மாத நைட் வரிசையிலும் முதலில் எழுதியது அவள் பெயரைத்தான்.