ஆட்சிக் கலைப்பு இல்லாத ஊரில் ஏபி கவர்மென்ட்

பத்தாம் வகுப்பு வரை மதுரை. அப்புறம் அப்பாவின் வேலையோடு டெக்சாஸ். பன்னிரண்டாம் வகுப்பில் ஏபி கவர்மென்ட் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தர அமெரிக்க அரசியல் பாடம்) எடுத்தபோது, ஊரில் படித்த குடிமையியல் கைகொடுக்கும் என்றுதான் நம்பினேன். முதல் தேர்விலேயே காலை வாரிவிட்டது. ஒரு மாநிலம் மத்திய அரசோடு முரண்டு பிடித்தால் அதிபர் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு, "ஆட்சியைக் கலைக்கலாம்" என்று எழுதினேன். 1976, 1991 என்று திமுக ஆட்சி கலைக்கப்பட்ட கதைகளைத் தாத்தாவிடம் கேட்டு வளர்ந்த எனக்கு வேறென்ன தோன்றும்? அமெரிக்காவில் மாநில அரசின் தலைவரே ஆளுநர்தான், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். அவரை வீட்டுக்கு அனுப்ப அதிபருக்கு அதிகாரம் கிடையாது. ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, மாநில ஆட்சியைக் கலைக்க வழிசெய்யும் நம்முடைய அரசியலமைப்பின் 356வது பிரிவைப் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார். அந்த வருடம் நான் தயாரிப்பே இல்லாமல் நன்றாகப் பேசியது அது ஒன்றுதான்.

பாடத்தில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை 9 ஆவணங்கள், 14 உச்ச நீதிமன்ற வழக்குகள். வழக்கமான பாணியில் வருடம், வாதி, பிரதிவாதி, தீர்ப்பு என்று அட்டவணை போட்டு உருப்போட்டேன். விடைத்தாள் முழுக்கச் சிவப்பு மையில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: "சரி, அதனால்?"

அந்த "அதனால்" எனக்குப் புரிந்தது லோபஸ் வழக்கில். அது டெக்சாஸ் வழக்கு. 1992இல் சான் ஆன்டோனியோவில் லோபஸ் என்ற பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுபோனார். பள்ளி வளாகத்தில் துப்பாக்கி கூடாது என்ற மத்திய சட்டத்தில் வழக்கு. 1995இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்தச் சட்டமே செல்லாது என்றது. "துப்பாக்கி கொண்டுபோனவர் ஜெயித்தாரா!" என்று எனக்கு ஒரே அதிர்ச்சி. உண்மையில் கேள்வி துப்பாக்கி சரியா தவறா என்பதே இல்லை. அதைத் தடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதுதான். டெக்சாஸ் சட்டப்படியும் அது குற்றம்தான். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காட்டி காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) அந்தச் சட்டத்தைப் போட்டிருந்தது. பள்ளியில் துப்பாக்கி வைத்திருப்பது எந்த விதத்தில் வணிகம் என்று கேட்டது நீதிமன்றம். இதை 1819இன் மெக்கல்லக் வழக்கோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே தேசிய வங்கிக்கு மேரிலாண்ட் வரி போட, மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்பு. மெக்கல்லக் மத்திய அரசின் கையை நீட்டியது, லோபஸ் அதற்குக் கோடு கிழித்தது. தேர்வில் நாம் கேள்விப்படாத ஒரு வழக்கைச் சுருக்கமாகக் கொடுத்து, தெரிந்த வழக்கோடு ஒப்பிடச் சொல்வார்கள். லோபஸுக்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கண்டு நான் பயந்ததில்லை.

ஆவணங்களில், அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து மேடிசன் எழுதிய 10வது ஃபெடரலிஸ்ட் கட்டுரைதான் கடைசிவரை இழுபறி. 1787இன் ஆங்கிலம், வாக்கியம் முடிவதற்குள் எழுவாய் மறந்துவிடும். வாய்விட்டு மூன்று முறை படித்தால் கொஞ்சம் பிடிபடும்.

2024 தேர்தல் நேரத்தில் வகுப்பு களைகட்டியது. வாக்காளர் பதிவுப் படிவங்கள் வந்தன. டெக்சாஸில் 17 வயது 10 மாதம் நிறைந்தால் பதிவு செய்யலாம். பக்கத்து இருக்கைக்காரர் எலக்டோரல் காலேஜ் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழு அது, 538 வாக்கில் 270 வேண்டும், டெக்சாஸுக்கு 40 என்று விளக்கினேன். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கானது) இருக்கும், ஓட்டுரிமை இல்லாத நான் படிவத்தைப் பின்வரிசைக்குக் கடத்திவிட்டேன்.

எங்கள் பள்ளியில் இது அரை வருடப் பாடம். டிசம்பரில் முடிந்தது, தேர்வோ மே மாதம். நடுவில் பொருளாதாரம் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போனது. ஏப்ரலில் புத்தகத்தைத் திறந்தால் பாதி புதிதாக இருந்தது. மறுபடி முதலிலிருந்து படிக்காமல், கடிகாரத்தை வைத்துப் பழைய கேள்விகளுக்கு எழுதிப் பார்த்தேன். அதுதான் பலித்தது. 55 கொள்குறி வினாக்களுக்கு 80 நிமிடம், 4 எழுத்து வினாக்களுக்கு 100 நிமிடம். முதல் மூன்றுக்கு இருபது இருபதாக ஒதுக்கினால்தான் நான்காவதான கட்டுரைக்கு நாற்பது மிஞ்சும். கட்டுரையில் எதிர்த்தரப்பு வாதத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். நான் அதை எப்போதும் விட்டுவிடுவேன். பட்டிமன்றத்தில் எதிரணி சொன்னதைத் தொடாமல் இறங்கினால் நடுவர் சும்மா விடுவாரா என்று அம்மா கேட்ட பிறகுதான் மறக்காமல் எழுத ஆரம்பித்தேன்.

ஜூலையில் முடிவு வந்தது: ஐந்துக்கு நான்கு. தேர்வுக்குக் கட்டிய 99 டாலர் வீணாகவில்லை. ஆனால் டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் மாநில அரசியலமைப்பையும் படித்தாக வேண்டுமாம். அமெரிக்காவுக்கு மொத்தமே 27 திருத்தங்கள். டெக்சாஸின் 1876 சாசனத்துக்கு 500க்கும் மேல்.