பல்குச்சிக் கணக்கு

கல்யாண மண்டபங்களில் காய்கறியிலும் பழத்திலும் உருவம் செதுக்குவது என் தொழில். மதுரைப் பக்கம் 'கார்விங் மாஸ்டர்' என்பார்கள். சாயங்காலம் 6 மணிக்கு ரிசப்ஷன் என்றால், விடியற்காலையிலேயே மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் நிற்பேன்.

சமையலுக்கு வாங்குபவர் பார்க்கிற கண் வேறு, என் கண் வேறு. வளைந்து திருகிய புடலங்காயை அவர் ஒதுக்கிவிடுவார். எனக்கு அதுதான் படமெடுக்கும் பாம்பு. தர்பூசணியில் தோல் அழுத்தமான பச்சையாக, கோடு தெரியாமல் இருப்பதைத் தேடுவேன். மாப்பிள்ளை, பெண் முகத்தை அதில்தான் செதுக்க முடியும். பச்சைத் தோலை மெல்லிசாகச் சீவினால் வெள்ளை. இன்னும் கொஞ்சம் இறங்கினால் இளஞ்சிவப்பு. ஆழமாகப் போனால் நல்ல சிவப்பு. வெளிச்சமும் நிழலும் பழத்துக்குள்ளேயே இருக்கின்றன. கத்தி எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் வேலை.

பச்சை மிளகாயை நுனியிலிருந்து நாலைந்தாகக் கீறி ஐஸ் தண்ணீரில் போட்டால், கொஞ்ச நேரத்தில் இதழ்கள் வெளிப்பக்கமாகச் சுருண்டு பூவாகிவிடும். உள்சதை தண்ணீர் குடித்து உப்பும். வெளித்தோல் அவ்வளவு உப்பாது. அந்த இழுப்பில்தான் அது மலர்கிறது. கேரட்டுக்கு நேர்மாறு. மெல்லிய சீவல்களை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் துவண்டு, ஒடியாமல் ரோஜாவாகச் சுற்ற வரும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மிளகாய் மலர்வதைக் குனிந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரிய ரிசப்ஷன். எட்டு தர்பூசணியைக் குடைந்து கூடையாக்கினேன். தோண்டிய சதை முழுவதும் குப்பைத் தொட்டிக்குப் போனது. சமையல் மாஸ்டர் பார்த்துவிட்டார். "தம்பி, சாப்பிடுற பொருளய்யா அது" என்றார். அவ்வளவுதான், அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்த வருஷம் ஐப்பசிப் பௌர்ணமிக்குக் கங்கைகொண்ட சோழபுரம் போயிருந்தேன். 13 அடிக்கும் மேல் உயரமான லிங்கத்தை மூடி வெள்ளை வெளேரென்று அன்னம். சோற்றால் இதைவிடப் பெரிய அலங்காரம் நான் பார்த்ததில்லை. அப்புறம் அது கலைக்கப்பட்டு அத்தனை பேருக்கும் பிரசாதமானது. லிங்கத்தின் மேல்பாகமான பாணத்தில் சாத்திய அன்னத்தை மட்டும் நீர்நிலையில் கரைப்பார்கள், அது மீன்களுக்கு. வரிசையில் நின்று கையில் வாங்கிய சோற்றோடு சமையல் மாஸ்டரை நினைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து கத்தியை எடுப்பதற்கு முன்னால் மாஸ்டரிடம் போய், "அண்ணே, இன்னைக்கு மெனு என்ன?" என்று கேட்பேன். கூடைக்காகக் குடையும் சிவப்புச் சதை வாசலில் கொடுக்கும் ஜூஸுக்குப் போகிறது. வெள்ளைப் பகுதியை நறுக்கிக் கொடுத்தால் பாசிப்பருப்போடு அருமையான கூட்டு ஆகிவிடும். பூசணிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கேரட் சீவல் கோசுமல்லிக்கு.

சாயம் தொடுவதில்லை என்றும் முடிவெடுத்தேன். ஒரு வீட்டார் மேடைக்குப் பொருத்தமாக நீலப் பூக்கள்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். கான்ட்ராக்டர் சாயப் பாட்டிலை நீட்டினார். சரி, நீலம்தானே வேண்டும் என்று சங்குப்பூவைக் கொதிக்கவைத்து, ஆறிய தண்ணீரில் முள்ளங்கிப் பூக்களை ஊறவிட்டேன். இளநீலம் வந்தது. கடைசியில் சிலவற்றின் மேல் எலுமிச்சைச் சாறு தெளித்தேன். அவை ஊதாவாக மாறின. பெண்ணின் அம்மாவுக்கு அந்த ஊதாதான் ரொம்பப் பிடித்துப்போனது.

நாலைந்து மணி நேரம் விளக்குச் சூட்டில் இருந்ததை மனிதர்களுக்குக் கொடுக்க முடியாது. அவை பக்கத்து மாட்டுத் தொழுவத்துக்குப் போகும். அதனால் உருவங்களை நிறுத்தும்போது எத்தனை பல்குச்சி குத்தினேன் என்று சுவரில் சாக்பீஸால் எழுதிவைப்பேன். ராத்திரி பிரிக்கும்போது அத்தனையும் கைக்கு வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த மயிலை மறுபடி துண்டு துண்டாக நறுக்கித் தேடுவேன். கிடைத்த பிறகுதான் கூடை வண்டியில் ஏறும்.