தெமிஸ்டோக்கிளிஸைப் படிப்பித்த சேர்

உயர்தரத்தில் கிரேக்க உரோம நாகரிகம் எங்களுக்கு ஒரு பாடம். அதை எடுத்தவர்கள் கலைப்பிரிவில் ஒரு சிலர்தான். மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டபோது, அந்த வகுப்பைப் பற்றியும் அதை எடுத்த சேரைப் பற்றியும்தான் எழுதுவது என்று உடனேயே முடிவெடுத்துவிட்டேன்.

ஏதென்ஸின் கடற்படைத் தலைவர் தெமிஸ்டோக்கிளிஸைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் சேருக்கு மணி அடித்ததும் கேட்காது. மற்றவர்கள், அவர் பாரசீகரைக் கடலில் தோற்கடித்த சலாமிஸ் சண்டையில் தொடங்குவார்கள். சேர் வெள்ளியில் தொடங்கினார். கி.மு. 483 அளவில் லவ்ரியன் சுரங்கத்தில் புதிதாக நிறைய வெள்ளி கிடைத்தது. ஆளுக்குப் பத்து திராக்மா பிரித்துக்கொடுப்பதாகத்தான் பேச்சு. தெமிஸ்டோக்கிளிஸ் எழும்பி, அந்தக் காசில் கப்பல் கட்டுவோம் என்றார். பாரசீகப் படை தூரத்து ஆபத்து, சொன்னால் சனம் கேளாது. அதனால் அயல்தீவான ஈஜினாவோடு இருந்த பகையைக் காட்டிச் சம்மதிக்க வைத்தார். “வாற காசை வேண்டாமெண்டு உங்கடை வீட்டிலை ஒருக்கால் சொல்லிப் பாருங்கோ பிள்ளையள், அப்ப விளங்கும் அந்த மனிசன் செய்த வேலை” என்பார் சேர்.

அந்தக் கப்பல்களில் துடுப்பு மூன்று அடுக்கு. அதை விளக்க, ஒருவனைத் தரையிலும் அடுத்தவனைக் கதிரையிலும் மூன்றாமவனை மேசையிலும் இருத்தி, ஆளுக்கொரு தும்புத்தடியைக் கையில் கொடுத்தார். ஒருவன் பிந்தினால் மூன்று தடியும் அடிபட்டுச் சிக்கும். ஒரு கப்பலில் இப்படி 170 பேர். காணி பூமி இல்லாத ஏழைகள்தான் பெரும்பாலும் தண்டு வலித்தவர்கள். ஊரைக் காப்பாற்றியவனைச் சபையில் வாய் பொத்தி இரு என்று பிறகு யார் சொல்ல முடியும்? ஏதென்ஸின் சனநாயகம் பலப்பட்ட கதையை நான் விளங்கிக்கொண்டது அந்தத் தும்புத்தடியால்தான்.

சலாமிஸ் சண்டை கி.மு. 480இல். பின்வாங்க நினைத்த கூட்டாளிகளை அங்கேயே நிறுத்துவதற்காக, கிரேக்கர் தப்பி ஓடப்போகிறார்கள் என்று தெமிஸ்டோக்கிளிஸ் எதிரிக்கே ஆளனுப்பிச் சொன்னார். பாரசீகக் கப்பல்கள் ஒடுங்கிய கடலுக்குள் வந்து, ஒழுங்கைக்குள் தேரைத் திருப்பப் பார்த்த மாதிரி ஒன்றோடொன்று முட்டுப்பட்டு நின்றன. பாரசீக மன்னன் சேர்க்சஸ் கரையில் மலையடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். தூது போன சிக்கினஸ் ஓர் அடிமை. தெமிஸ்டோக்கிளிஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர், அவர்களுக்கு வாத்தியார் மாதிரி. பிற்பாடு தெஸ்பியா நகரத்தில் குடியுரிமை பெற்று வசதியாக வாழ்ந்தார். இந்த இடத்தைச் சேர் தனி மகிழ்ச்சியோடு சொல்லுவார்.

அப்புறம் நாடுகடத்தல். ஏதென்ஸில் ஓட்டுத் துண்டில் பெயரைக் கீறி வாக்குப்போட்டு ஒருவரைப் பத்து வருடம் ஊரை விட்டு அனுப்புகிற வழக்கம் இருந்தது. ஷெல் விழுந்து நொறுங்கிய மண்டபத்து ஓடுகள் மதிலோரம் குவிந்து கிடந்தன. சேர் ஆளுக்கொரு துண்டும் ஓர் ஆணியும் தந்து, தெமிஸ்டோக்கிளிஸையா அவரோடு போட்டியாக நின்ற அரிஸ்டைடிஸையா பத்து வருடம் வெளியே அனுப்புவது, கீறுங்கோ என்றார். எண்ணிப் பார்த்தால் தெமிஸ்டோக்கிளிஸ் என்றுதான் கூடுதலான துண்டுகளில் இருந்தது. தான் செய்த நன்மையைத் தானே அடிக்கடி ஞாபகப்படுத்துகிற ஆள் என்று ஒருவன் காரணம் சொன்னான். ஏதென்ஸ்காரருக்கும் அந்தச் சலிப்பு இருந்ததாகப் பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கி.மு. 471 அளவில் அவர்கள் அவரை அனுப்பியே விட்டார்கள்.

பல வருடம் கழித்து ஏதென்ஸ் போனபோது, பழைய சந்தைவெளியான அகோராவின் அருங்காட்சியகத்தில் அந்த ஓட்டுத் துண்டுகளைக் கண்ணாடிக்குள் பார்த்தேன். ‘நியோக்ளிஸ் மகன் தெமிஸ்டோக்கிளிஸ்’ என்று கூரிய எழுத்தில் கீறியிருந்தது. நகர நடுவிலுள்ள அக்ரோபொலிஸ் குன்றின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றுக்குள் அவர் பெயர் கீறிய துண்டுகள் 190 அளவில் அகப்பட்டன. அவ்வளவையும் எழுதியவை 14 கைகள் மட்டும் என்று ஆய்வாளர் கண்டார்கள். வாக்குப்போட வருகிறவர்களிடம் கொடுக்கத்தான் முன்கூட்டியே கீறி வைத்திருக்கவேண்டும். சேர் பக்கத்தில் நிற்கவில்லையே என்று அன்று மிகவும் கவலைப்பட்டேன்.

துரத்தப்பட்டவர் கடைசியில் போய்ச் சேர்ந்தது பாரசீகத்தில், தான் தோற்கடித்த மன்னனுடைய மகனிடம். ஒரு வருடம் தவணை கேட்டு, அந்த மொழியையும் வழக்கங்களையும் படித்த பிறகே மன்னன் முன் போனதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடைடிஸ் எழுதுகிறார். பாணுக்கு மக்னீசியா, வைனுக்கு லாம்ப்சாகஸ், கறிக்கு மையூஸ் என்று மூன்று ஊர்களின் வருமானம் அவருக்குக் கிடைத்தது. நோர்வேக்கு வந்த புதிதில், பனிக்குள் நடந்து மொழி வகுப்புக்குப் போகும்போதெல்லாம் இந்த ஒரு வருடக் கதையைத்தான் நினைப்பேன். ஊர் தெரிந்த தலைவன் வயதுபோன காலத்தில் அந்நிய மொழியில் எழுத்துக்கூட்டியிருக்கிறான், எனக்கென்ன என்று மனம் தேறும். அவர் நஞ்சு குடித்துச் செத்தார் என்ற கதையும் உண்டு. நோயால் இறந்தார் என்கிற தூசிடைடிஸை நம்பு, மற்றதையும் விடையில் எழுது என்பது சேரின் சொல்.

சேர் இப்போது இல்லை. அவர் சொல்லச் சொல்ல எழுதிய என் கொப்பி 1995 இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது. எங்கள் வகுப்பிலோ அடுத்த வகுப்புகளிலோ யாரிடமாவது அந்தக் குறிப்புகள் இருந்தால், பக்கங்களைப் படமெடுத்துச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். அச்சடித்துப் பள்ளிக்கூட நூலகத்துக்குக் கொடுக்கிற செலவு என்னுடையது.