பருவுக்கு பிடிடி லைட் ட்ரீட்மென்ட் எடுத்த கதை

தாடையிலயும் கன்னத்துலயும் உள்ளுக்குள்ள கட்டி கட்டியா வர்ற பரு, காலேஜ் முடிச்சு வேலைக்கு வந்த பிறகும் என்னை விடல. டாக்ஸிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாடிக் சாப்பிடுற வரைக்கும் அடங்கும், நிறுத்தினா திரும்ப கிளம்பிடும். ஐசோட்ரெட்டினாயின்ங்கிற பரு மாத்திரை நல்லா கேட்டுச்சு, ஆனா ரத்த டெஸ்ட்ல ட்ரைகிளிசரைடுங்கிற கொழுப்பு எகிறிடுச்சுன்னு டாக்டரே நிறுத்த சொல்லிட்டாங்க. அப்புறம் அவங்க சொன்னதுதான் ஃபோட்டோடைனமிக் தெரபி, சுருக்கமா பிடிடி.

பார்லர்ல கலர் கலரா லைட் மாஸ்க் போட்டு விடுறாங்களே, அது வேற இது வேற. இதுல முதல்ல அமினோலெவுலினிக் ஆசிட்னு ஒரு மருந்து தடவுவாங்க, அது தோலுக்குள்ள போய் வெளிச்சத்துக்கு ரியாக்ட் ஆகுற போர்ஃபைரின்ங்கிற பொருளா மாறி எண்ணெய் சுரப்பிகள்ல அதிகமா சேரும், அதுக்கு மேல லைட் அடிச்சா அந்த சுரப்பியும் பரு பாக்டீரியாவும் அடி வாங்கும். எனக்கு அடிச்சது சிவப்பு லைட், 630 நானோமீட்டர் பக்கம், நீல லைட்டை விட ஆழமா இறங்கும். அமெரிக்காவுல 1999ல மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது வெயிலால வர்ற ஆக்டினிக் கெரட்டோசிஸ்ங்கிற சொரசொரப்பான தோல் திட்டுக்குத்தான், பருவுக்கு ஆஃப் லேபிளாதான், அதாவது அந்த அனுமதியில சேராத உபயோகமாதான் பண்றோம்னு டாக்டர் மறைக்காம சொன்னாங்க. எனக்கு அதுலயே பாதி நம்பிக்கை வந்துடுச்சு.

வெளிச்சம் பட்டா தோல் பாதிக்கக்கூடிய லூபஸ், போர்ஃபைரியா மாதிரி நோய் இருக்கா, உதட்டுல ஹெர்ப்பிஸ் கொப்புளம் வருமான்னு எல்லாம் கேட்டாங்க. நம்ம மாதிரி மாநிற தோல்ல கருந்தழும்பு விழுற ரிஸ்க் ஜாஸ்தின்னு மருந்தோட ஸ்ட்ரெங்த்தை குறைச்சு, காது கிட்ட ஒரு சின்ன இடத்துல டெஸ்ட் பண்ணிட்டுதான் முகத்துல கை வச்சாங்க.

அன்னைக்கு முகத்தை அசிட்டோன் பஞ்சால துடைச்சு எண்ணெய் பசையே இல்லாம ஆக்கி, மருந்து தடவி, மேல க்ளிங் ராப் ஒட்டி இருட்டு ரூம்ல உட்கார வச்சாங்க. காத்திருந்து முடிஞ்சதும் வுட்ஸ் லேம்ப்னு ஒரு புற ஊதா (யுவி) லைட்டை முகத்துல காட்டி கண்ணாடிய குடுத்தாங்க பாருங்க, மூக்கோரம், தாடை எல்லாம் புள்ளி புள்ளியா செம்பவள கலர்ல மின்னுது, மருந்து எங்கெங்க ஏறியிருக்குன்னு கண்ணாலயே பார்க்கலாம்.

லைட் போட்ட முதல் நிமிஷம் ஒண்ணும் தெரியல, அப்புறம் சூடான எண்ணெய் தெறிச்ச மாதிரி சுரீர் சுரீர்னு ஏறுது. கண்ணுல கறுப்பு காகிள்ஸ் இருக்கிறதால எவ்வளவு நேரம் ஆச்சுன்னும் தெரியாது. பக்கத்துல இருந்த சிஸ்டர் ஃபேனை முகத்துக்கு திருப்பி, நடுநடுவுல குளுந்த தண்ணி ஸ்ப்ரே பண்ணி, "இன்னும் கொஞ்ச நேரம்தான் மா"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. தாங்க முடியலன்னா லைட்டை நிறுத்தி நிறுத்தி அடிக்க சொல்லலாம், தயங்காம கேளுங்க.

ஆனா உண்மையான கஷ்டம் அதுக்கு அடுத்த 48 மணி நேரம். சன்ஸ்கிரீன் போட்டா போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, போதாது. சாதாரண சன்ஸ்கிரீன் யுவியைத்தான் தடுக்கும், இந்த மருந்து கண்ணுக்கு தெரியுற வெளிச்சத்துக்கே ரியாக்ட் ஆகும். அதனால ஜன்னலோர இடம் கூட வேண்டாம். கிளினிக்ல இருந்து அகல விளிம்பு தொப்பி, துப்பட்டா எல்லாம் சுத்திட்டு பொழுது சாஞ்ச பிறகு கார்ல கிளம்பினேன். வீட்டுல அம்மா ஜன்னல் கர்ட்டனுக்கு மேல ஒரு கெட்டி போர்வையையும் தொங்க விட்டுட்டாங்க. சென்னை வெயில்ல ஸ்கூட்டர்ல சுத்துற வேலைன்னா கண்டிப்பா லீவ் போட்டுட்டு பண்ணுங்க.

முகம் சிவந்து வீங்கி, அப்புறம் தோல் உரிஞ்சு, கூடவே சீழ் வச்ச சின்ன சின்ன பருவா ஒரு கூட்டமே கிளம்புச்சு. இப்படி வரலாம்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க, இல்லன்னா நான் பயந்து அடுத்த செஷனுக்கே போயிருக்க மாட்டேன். வெறும் மாய்ஸ்சரைசர் மட்டும்தான் போட்டேன், கை வைக்கல, தானா அடங்கிடுச்சு. கன்னத்துல கொஞ்சம் கருமை விழுந்துச்சு, அது மறைய மாசக்கணக்கு ஆச்சு.

சில வாரம் இடைவெளி விட்டு செஷன் எல்லாம் முடிச்சாச்சு. முகம் வழியுற எண்ணெய் நல்லா குறைஞ்சிருக்கு, தாடையில அந்த வலிக்குற கட்டி வர்றது நின்னுடுச்சு, பீரியட்ஸ் சமயத்துல மட்டும் ஒண்ணு ரெண்டு எட்டிப் பார்க்கும். பழைய குழிகளுக்கு இது ஒண்ணும் பண்ணல, அதுக்கு தனியா வேற ட்ரீட்மென்ட் பார்க்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. ராத்திரி தடவுற அடாபலீன்ங்கிற பரு மருந்து மட்டும் இன்னும் தொடருது.