பத்திரத்தில் இருந்த பூங்கா

போன வருடம் பொங்கல் முடிந்த வாரம், எங்கள் மனைப்பிரிவின் நடுவே இருக்கும் காலி இடத்தில் ஆட்கள் கல்தூண் நட்டுக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டதற்கு, "ஓனர் கிரயம் பண்ணிட்டாருங்க, வீடு கட்டப்போறாரு" என்றார் மேஸ்திரி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 12 வருடம் முன்பு நான் மனை வாங்கியபோது "இது பார்க்குக்கு விட்டது" என்று கைகாட்டிய அதே 31 சென்ட். பார்க் என்று எதுவும் வரவில்லைதான். சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது, கைப்பிடிச் சுவர் இடிந்த பழைய கிணறு ஒன்று திறந்தபடி இருந்தது. இருட்டினால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டோம். ஆனாலும் அது 82 வீட்டுக்கும் பொதுவான இடம் அல்லவா?

ஊராட்சியில் கேட்டோம், பழைய கோப்பு கிடைக்கவில்லை என்றார்கள். எதிர்வீட்டு அண்ணன் பத்திர எழுத்தராக இருந்தவர். "தம்பி, மொதல்ல வில்லங்கம் போட்டுப் பாரு" என்றார். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தால் வில்லங்க விவரத்தை, அதாவது அந்த நிலத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை, காசில்லாமல் பார்க்கலாம். மனைப்பிரிவுக்கு அனுமதி கிடைத்த 2009-லிருந்து ஒவ்வொரு பதிவாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். வரிசையாக மனைக் கிரயங்கள். நடுவே ஒரே ஒரு வரி: தான செட்டில்மெண்ட், பெறுபவர் ஊராட்சி. பூங்கா இடத்தை ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த பத்திரம். அண்ணன் அந்த வரிமேல் வைத்த விரலை எடுக்கவே இல்லை.

அப்புறம் எப்படி விற்றார்கள்? பட்டாவில்தான் ஓட்டை. தானப் பத்திரம் பதிவானதோடு வேலை நின்றுவிட்டது; ஊராட்சி பெயருக்குப் பட்டா மாற்றவே இல்லை. பழைய நிலக்காரர் பெயரில் கிடந்த பட்டாவைக் காட்டி வாரிசுகள் கிரயம் எழுதிவிட்டார்கள். மனைப்பிரிவில் குடியிருக்கும் யாரும் இன்றே இதைப் பாருங்கள். பூங்கா இடத்தின் சர்வே எண்ணைப் போட்டால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று அரசின் நில ஆவண இணையதளத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, அனுமதி பெற்ற வரைபட நகல் கேட்டு எழுதினேன். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். 26-ஆம் நாள் வந்தது. கட்டத்துக்குள் 'பூங்கா' என்று எழுதி, நீள அகலமும் குறித்திருந்தது. சாலை போக 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருக்கும் மனைப்பிரிவில், 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குக் கொடுத்தே ஆகவேண்டும். இடத்துக்குப் பதில் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. எங்களுடையது அந்த அளவைத் தாண்டியது.

மே 1 கிராம சபைக்கு 60 பேருக்கு மேல் போனோம், பாதிக்கு மேல் பெண்கள். பட்டா மாறுதல், கிணற்றுக்கு மூடி, தெருவிளக்கு என்று மூன்று தீர்மானம். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டோம். அதன் நகலோடு கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் இரண்டு முறை மனு. தாசில்தார் விசாரணைக்கு இடத்தை வாங்கியவரும் வந்திருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. சேர்த்து வைத்த பணத்தையெல்லாம் அதில் போட்டிருக்கிறார். தானப் பத்திரத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கம்பியை அவரே பிரித்துக்கொண்டார்; பணத்துக்காக விற்றவர்கள்மேல் வழக்குப் போட்டிருக்கிறார்.

சர்வேயர் அளக்க வந்த அன்று தென்கிழக்கு மூலையில் கல்லைக் காணோம். இருவர் கடப்பாரையால் கிளறினார்கள். ஒரு முழ ஆழத்தில், ஆணிவேர் சுற்றிய பழைய மூலைக்கல் தலைகாட்டியது. நின்றிருந்த பிள்ளைகள் கத்திய கத்தலில் தெருவே வந்துவிட்டது.

பட்டா இப்போது ஊராட்சி பெயரில். கிணற்றுமேல் இரும்புக் கிராதி போட்டாயிற்று. மூன்று விளக்கு எரிகிறது. கடைசி பஸ்ஸில் இறங்கும் மில் வேலைப் பெண்கள் மெயின் ரோடு சுற்றாமல் இந்த வழியாகவே வருகிறார்கள். ஊஞ்சலும் நடைபாதையும் இன்னும் வரவில்லை. அக்டோபர் 2 கிராம சபைக்கு மனு எழுதி, அண்ணன் வீட்டு டீப்பாய் மேல் வைத்திருக்கிறோம். இதுவரை 71 கையெழுத்து.