பூ எவிடே சேட்டா

காலைல வயல்ல டிராக்டர்ல மாட்டுன ரோட்டவேட்டர் உழுதுட்டு இருக்கு, ஒரு கேரளா வண்டி வரப்போரமா வந்து நிக்கி. "சேட்டா, சூரியகாந்தி எவிடே?"

இது சணப்பு, மண்ணுக்கு உரமா மடக்கி உழுற பசுந்தாள் பயிருன்னு சொன்னேன். மஞ்சப்பூவ பாத்து ஏமாந்துட்டாங்க பாவம். பூவோட மடக்கி உழுறத பாத்து கூட வந்த சேச்சிக்கு மனசே கேக்கல.

ஒரு செடிய வேரோட பிடுங்கி காமிச்சேன். வேர் பூரா குட்டிகுட்டியா முடிச்சு. ஒண்ண நகத்தால கிள்ளுனா உள்ள ரோஸ் கலர், ரத்தம் ஊறுன மாதிரி.

அந்த நெறம் இருந்தா உள்ள பாக்டீரியா காத்துல இருக்க தழைச்சத்த (நைட்ரஜன்) பிடிச்சிட்டு இருக்குன்னு அர்த்தம்.

விதைச்சு 45 நாள், இப்ப மடக்குனாத்தான் தண்டு சீக்கிரம் மக்கும், இன்னும் விட்டா நாரேறிரும் (கயிறு திரிக்கிற சாதில்லா), ரெண்டு வாரம் மக்கவிட்டு அப்புறம்தான் சூரியகாந்தி விதைப்பு.

தென்காசி கிட்ட சுந்தரபாண்டியபுரம் பக்கம் ஆடி சீசன்ல செல்பி எடுக்க வர்ற கூட்டம் பூவோட மூஞ்சிய மட்டும்தான் பாக்கும். அதுக்குக் கீழ இன்னொரு மஞ்சக்காடு பொதஞ்சு கெடக்குறத யாரு பாக்கா? எங்கப்பாவே "காசு குடுத்து விதைச்சு பூக்குறப்ப அழிக்கானே"ன்னு போன வருசம் வர திட்டுனவருதான்.

போகும்போது சேச்சி ஒரு முடிச்ச டிஷ்யூ பேப்பர்ல மடிச்சு பேக்ல வச்சுக்கிட்டாங்க.